தேயிலை எஸ்டேட் தமிழ் பற்றி ஒரு திருத்தம்
'லயம், பெரட்டு, கங்காணி எல்லாம் 1956-ல் கேரளம் உருவான பிறகு மூணாற்றுத் தமிழில் புகுந்த மலையாளம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. இதே சொற்கள் வால்பாறையிலும் உண்டு, மலையாள வாடையே இல்லாத இலங்கை ஹட்டன் தோட்டங்களிலும் உண்டு. கங்காணி, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவர், சுத்தத் தமிழ். லயம் இங்கிலீஷ் 'லைன்', வரிசை வீடுகள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற 'பரேட்'தான் பெரட்டு. மூணாறு திருவிதாங்கூரில் இருந்தபோதே, வெள்ளைக்காரத் துரைமார் மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆள் இறக்கிய காலத்துச் சமாச்சாரம் இது. சரி, மலையாளம் கலக்கவே இல்லையா? கலக்காமல் என்ன! ஆனால் அதைக் கொழுந்து கிள்ளுகிற இடத்தில் தேடாதீர்கள். பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடைப் பக்கம் போய்க் கேளுங்கள்.