டோக்கியோவில் அறை விலை என்பது எது?

டோக்கியோவில் ஒரு நல்ல ஹோட்டல் அறையின் உண்மையான விலையைக் கண்டுபிடிப்பதற்குள் உயிரே போய்விடுகிறது. ஓர் இரவுக்கு 1,00,000 யென் என்று போட்டிருப்பார்கள். சரி, கொஞ்சம் வசதியாகத் தங்கலாம் என்று உள்ளே போனால் சேவைக் கட்டணம் 15 சதவீதம். அந்தக் கூட்டுத்தொகையின் மேல் நுகர்வு வரி 10 சதவீதம். ஆக, சேவைக் கட்டணத்துக்கும் வரி! 1,26,500 ஆகிவிட்டது. இன்னும் முடியவில்லை, 2002-இல் வந்த தங்கும் வரி தலைக்கு 200 யென் தனி. 200 யென் பெரிய காசு இல்லைதான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாக முதலிலேயே சொன்னால் என்ன?

ஒரு தளத்தில் காட்டுவது அறைக்கான விலை, இன்னொன்றில் ஆளுக்கான விலை. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? ஒருவர் என்று போட்டால் ஒரு விலை, இருவர் என்றால் வேறு. அறை அதேதானே? கட்டில் அதேதானே?

இவ்வளவு கொடுத்தும் மதியம் 3 மணிக்கு முன்னால் அறை கிடையாது. இரவெல்லாம் விமானத்தில் கண் விழித்து வந்தவர் காலை 8 மணியிலிருந்து எங்கே உட்காருவார்? சில ஹோட்டல்களில் வரவேற்பறையே முப்பது நாற்பது மாடிக்கு மேலே. அங்கே போக ஒரு லிஃப்ட், அறைக்குப் போக இன்னொன்று. குடையை மறந்துவிட்டால் மறுபடியும் இரண்டு லிஃப்ட்!

அப்புறம் ஃபூஜி மலை தெரியும் அறைக்குக் கூடுதல் பணம். மலை இருப்பதோ சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி. கோடையில் பல நாள் மேகமும் புழுக்கமும் அதை மூடிவிடும். மலை தெரியாத நாளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவார்களா?