25க்கு 14

போன வாரம் என் மகள் கணக்கு விடைத்தாளை நீட்டினாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மார்க் எழுதியிருந்த மூலையை மட்டும் உள்பக்கமாக மடித்து, நகத்தால் நன்றாக அழுத்தியிருந்தாள். பிரித்துப் பார்த்தேன். 25க்கு 14. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: கவனக்குறைவு.

தவறான கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 402இல் 158ஐக் கழித்து 356 என்று எழுதியிருந்தாள். 500இல் 237ஐக் கழித்து 337. 603இல் 245ஐக் கழித்து 442. முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. விரலை வைத்து இடம் இடமாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 2இல் 8 போகாது, அதனால் 8இல் 2ஐக் கழித்து 6. சுழியத்தில் 5 போகாது, அதனால் 5. நான்கில் ஒன்று போனால் 3. கடன் வாங்க வேண்டிய இடத்திலெல்லாம், மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். ஓர் இடத்தில்கூட மாறவில்லை. கடன் வாங்கத் தேவையில்லாத கழித்தல்கள் அத்தனையும் சரி.

இது கவனக்குறைவே இல்லை. தான் புரிந்துகொண்ட ஒரு விதியை அவள் மிகுந்த கவனத்தோடு கடைப்பிடித்திருக்கிறாள். அந்த விதிதான் தப்பு. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகளில் பல, மனம் போனபடி வருவதில்லை. தவறான ஒரு வழிமுறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகிறவை. என் மகள் செய்தது அவர்கள் பட்டியலிட்ட வகைகளில் ஒன்று.

அதே வகுப்பில் இன்னொரு குழந்தையும் 14 வாங்கியிருக்கலாம். அந்தக் குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரிந்திருக்கும், பெருக்கல் வாய்பாடு தெரியாமல் இருக்கும். மூன்றாவதாக ஒரு குழந்தைக்கு எல்லாமே தெரிந்து, நேரம் மட்டும் போதாமல் போயிருக்கும். மூன்று பேருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. கையில் கிடைத்ததோ ஒரே எண். இதனால்தான் தொடக்கப் பள்ளியில் மார்க் போடுவதை நிறுத்த வேண்டும் என்கிறேன். டெஸ்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை. மார்க்கை மட்டும்.

டெஸ்ட் நல்லது என்றுதான் நான் நம்புகிறேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு தடவை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. அவர்கள் பெரியவர்கள், சரி. ஆனால் நினைவிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கும்போது அது இன்னும் ஆழமாகப் பதிகிறது என்பது, வாய்பாடு ஒப்பித்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் ஐந்து கேள்வி கேளுங்கள், சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், யாருக்கு எது வரவில்லை என்று அந்த இடத்திலேயே பாருங்கள். அந்தப் பயனுக்கு மார்க் தேவையே இல்லை.

"மார்க்கும் போடுவோம், குறிப்பும் எழுதுவோம், இரண்டும் இருந்தால் நல்லதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு மாறினேன். ஐந்தாம், ஆறாம் வகுப்புக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலத்தான் ஆனார்கள். யோசித்தால் காரணம் புரிகிறது. எண் கண்ணில் பட்டதும் குழந்தை அதைத்தான் பார்க்கும். அடுத்த பெஞ்சில் எவ்வளவு என்று எட்டிப் பார்க்கும். கீழே ஆசிரியர் மெனக்கெட்டு எழுதிய இரண்டு வரி அப்படியே கிடக்கும்.

அந்த எண்ணும் அவ்வளவு உறுதியானதா என்றால், இல்லை. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 64இலிருந்து 98 வரை மார்க் வந்தது.

மார்க் வேண்டாம், வீட்டுப்பாடம் கொடுத்துப் பழக்கினால் தவறு சரியாகாதா என்று கேட்கலாம். அதைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் 2006இல் பல வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் தெளிவாகத் தெரிந்தது, சின்ன வகுப்புகளில் மிகப் பலவீனமாக இருந்தது. கூப்பர் வீட்டுப்பாடத்துக்கு எதிரியும் இல்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை ஆதரிப்பவர். மூன்றாம் வகுப்பென்றால் முப்பது நிமிடம். எங்கள் வீட்டில் பல நாள் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதில் பாதி, ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்ப எழுதுவது. தெரியாத கணக்கை வீட்டில் தனியாக இருபது தடவை போட்டால் தப்பான விதிதான் இருபது தடவை பழகும். பிரான்ஸில் தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்று 1956லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. வீட்டில் ஒரு கதைப் புத்தகம் வாசிக்கட்டும், அது போதும்.

"மார்க் இல்லாவிட்டால் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பெற்றோர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சிங்கப்பூர் மாதிரி தேர்வுக்குப் பேர் போன நாடே 2019இலிருந்து முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வை எடுத்துவிட்டது. அங்கேயும் பெற்றோர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் 14 என்பது எனக்கு எதைச் சொன்னது? "கடன் வாங்கிக் கழிப்பதில் குழப்பம் இருக்கிறது, மற்றவை நன்றாக வருகின்றன" என்று ஒரு வரி எழுதியிருந்தால், விரலை வைத்துத் தேடாமல் உடனே உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு உட்காரத்தான் செய்தோம். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு என்று வைத்தோம். 402இல் பத்துக் கட்டே இல்லை, அப்புறம் எங்கே போய் வாங்குவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளாகவே ஒரு நூறுக் கட்டை அவிழ்த்தாள். இருபது நிமிடத்தில் 244 வந்துவிட்டது. மற்ற இரண்டையும் தானே போட்டாள். பிறகு விடைத்தாளைக் கையில் எடுத்து, "இப்போ மிஸ் மார்க்கை மாத்துவாங்களா?" என்று கேட்டாள்.

மாற்ற மாட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு கட்டு விடைத்தாளை ஒரே இரவில் திருத்தி, கூட்டி, பதிவேட்டில் ஏற்ற வேண்டியவர் அவர். எண்ணைக் கேட்பது பள்ளி, பள்ளியிடம் கேட்பது நாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒன்றே ஒன்றைக் கேட்கப்போகிறேன். அடுத்த டெஸ்ட் தாளை எண் போடாமல் கொடுங்கள், தப்பான கணக்கின் கீழே ஒரு கோடு மட்டும் போடுங்கள், ஒரு வாரம் கழித்து அதே மாதிரிக் கணக்கை மறுபடி கொடுங்கள். எங்கள் வகுப்புப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு என்னோடு சேர்ந்து கேளுங்கள்.