சர்க்கரை சென்சார் இலவசமா?

அண்ணே, கையில் ஒட்டி ரத்தச் சர்க்கரையை அளக்கும் புது சென்சார் எம்டிஏ (மலேசிய மருத்துவச் சாதன ஆணையம்) பதிவு பெற்றுவிட்டது, இனி பெக்கா பி40 (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டம்) உள்ளவர்கள் சுங்கை சிப்புட் ஃபார்மசியில் ஐசியை (அடையாள அட்டையை) காட்டி இலவசமாக வாங்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2012 மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவு கிடைத்தால் அதை மலேசியாவில் விற்கலாம், அவ்வளவுதான். காசு யார் கட்டுவது என்பது தனிக் கதை.

பெக்கா பி40-இல் சாதனங்களுக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உதவி இருப்பது உண்மை. ஆனால் அது கையில் தரும் பணமும் இல்லை, கடைக் கூப்பனும் இல்லை. அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவருக்கு, இதய ஸ்டென்ட், பேஸ்மேக்கர் மாதிரி பட்டியலில் உள்ள ஒன்று தேவை என்று டாக்டர் சொன்னால், விண்ணப்பம் மருத்துவமனை வழியாகப் போகும்.

அப்புறம், எஸ்டிஆர் (அரசாங்க ரொக்க உதவி) வாங்குபவரும் அவருடைய கணவனோ மனைவியோ 40 வயது நிரம்பியிருந்தால் பெக்கா பி40-க்குத் தானாகவே தகுதி பெறுவார்கள். தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்து 'பெக்காவில் பதிந்து தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடு' என்று யாராவது கேட்டால் பத்து காசு கொடுக்காதீர்கள்.