கீழே வெயில், மேலே மழை
'சாலையோரச் சின்ன அருவிதானே, கூட்டமும் இருக்காது, மழை இல்லாத நாளில் குழந்தைகளோடு தைரியமாக இறங்கலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, சில கிலோமீட்டர் தள்ளி மலைமேல் பெய்த மழை ஓடை வழியாக இறங்கி வரும். ஓடை சின்னதென்றால் நீர் ஏறச் சில நிமிடங்களே போதும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறிவிடுங்கள். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீரே பெரியவரையும் சாய்த்துவிடும். பாசிப் பாறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூட்டம் இருக்காது என்று அவர் சொன்னது மட்டும் உண்மை. ஆனால் வழுக்கி விழுந்தால் தூக்கிவிடவும் ஆள் இருக்காது, அதனால் தனியாகப் போகாதீர்கள். வண்டியையும் வளைவில் நிறுத்த வேண்டாம்.