எஞ்சின் ஹெச்.பி. வேறு, பி.டி.ஓ. ஹெச்.பி. வேறு

பேலருக்கு (வைக்கோலை அள்ளி அழுத்திக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) 40 ஹெச்.பி. தேவை என்று போட்டிருந்தால் 42 ஹெச்.பி. டிராக்டர் தாராளமாகப் போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

விளம்பரத்தில் வரும் ஹெச்.பி. எஞ்சினுடையது. பேலரைச் சுற்றுவது டிராக்டரின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு, அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிகளுக்குக் கொடுக்கும் சுழல் தண்டு. பேலர் கையேடுகள் பெரும்பாலும் கேட்பது அந்த பி.டி.ஓ. ஹெச்.பி.யைத்தான். கியர்கள் வழியே போகும்போது சக்தி குறைந்துவிடும். எஞ்சினில் 42 என்றால் தண்டில் பெரும்பாலும் 36, 37 அளவில்தான் கிடைக்கும். சம்பா அறுவடை முடிந்து, பனி காயாத வைக்கோலை அள்ளிப் பாருங்கள். வைக்கோலை அழுத்தும் பேலர் பிஸ்டன் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் எஞ்சின் முக்கும், தண்டுக்கு வேண்டிய நிமிடத்துக்கு 540 சுற்று நிலையாக நிற்காது, கட்டும் தளர்ந்து வரும். (பானெட்டில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். பல கம்பெனிகளில் அது வெறும் மாடல் எண்.)

சரிபார்ப்பது எளிது. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. உங்கள் மாடலின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள், இணையத்திலும் தேடலாம். அதில் பி.டி.ஓ. சோதனைப் பட்டியலில் 540 சுற்றுக்கு எதிரே உள்ள சக்தியைப் பாருங்கள். கிலோவாட்டில் இருக்கும், 1.34 ஆல் பெருக்கினால் ஹெச்.பி. அப்புறம் பேலர் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கையேட்டில் வெறும் ஹெச்.பி. என்று மட்டும் இருந்தால், எது என்று பேலர் டீலரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.