குடும்பத்தோடு வாங்கன்னு எழுதிவைத்தால் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பூங்காவுக்குள் நுழைந்த வேகத்தில் என் மகள் சறுக்குமரத்துக்கு ஓடினாள். ஏணியில் ஏறி உட்கார்ந்தவள் அடுத்த நொடி அலறினாள். கீழே வழுக்கி வரவும் பயம், எழுந்து திரும்பவும் தெரியவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். இரண்டு தொடையின் அடிப்பக்கமும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. அந்தப் பலகையில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். என் கைக்கே தாங்காத சூட்டில் நாலு வயசுக் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள்.

இத்தனைக்கும் அது பிளாஸ்டிக் சறுக்குமரம். இரும்பு என்றால்தான் சுடும், பிளாஸ்டிக் ஒன்றும் செய்யாது என்று நானும் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும்கூட வெயிலில் கிடந்தால் குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். வெறும் 23 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளில்கூட, நேரடி வெயில் நெடுநேரம் பட்டிருந்தால் அது நடக்கும் என்கிறார்கள். இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தோல் மெல்லிசு, சுட்டால் சட்டென்று நகரவும் தெரியாது. அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

நிழல் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அந்தப் பூங்காவில் மரம் இல்லையா என்றால், இருக்கிறது. கிளை பரப்பிய பெரிய மரங்கள் இரண்டு. அவற்றின் நிழல் விழும் இடத்தில் அலங்காரச் செடி வைத்து, சுற்றிக் கம்பி வேலி போட்டு, 'உள்ளே செல்லாதீர்கள்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் நட்ட நடு வெயிலில். செடிக்கு நிழல், குழந்தைக்கு வெயில் என்று எவரோ ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார், அதற்கு மேல் ஒருவர் கையெழுத்தும் போட்டிருக்கிறார். வாசலில் மட்டும் கொட்டை எழுத்தில், 'குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க ஏற்ற இடம்'.

எந்தக் குடும்பம்? நான் கேட்கிறேன், எந்தக் குடும்பத்தை மனசில் வைத்து அந்த வரியை எழுதினீர்கள்?

அன்றைக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். மகள், எட்டு மாதக் கைக்குழந்தை, முழங்கால் வலியோடு என் அம்மா, நான். மனைவிக்கு அன்று வேலை. அம்மாவால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. விளையாடும் இடத்தைச் சுற்றி ஒரு பெஞ்ச் கிடையாது. பெஞ்சுகள் எல்லாம் நடைபாதை ஓரமாக, தண்ணீர் வராத நீரூற்றைப் பார்த்தபடி, குழந்தைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக இருக்கின்றன. பேத்தியைப் பார்க்க வேண்டுமானால் அம்மா கழுத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார வேண்டும். "நீ போய் அவகூட நில்லுப்பா, நான் பாப்பாவை வச்சுக்கறேன்" என்று அந்த வெயிலிலேயே மடியில் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டார். பேத்தி விளையாடுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு வலியோடு கிளம்பி வந்தார். பார்க்கவே இல்லை.

இதுவரை சொன்னதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். கழிப்பறைப் பூட்டை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அவசரம்" என்றாள் மகள். நாலு வயசுக் குழந்தை அவசரம் என்று சொன்னால் நம் கையில் இருப்பது இரண்டு நிமிஷம், மிஞ்சிப் போனால் மூன்று. குழந்தை வளர்த்த எல்லாருக்கும் இது தெரியும். தூக்கிக்கொண்டு ஓடினேன். கழிப்பறைக் கதவில் பூட்டு. சாவி காவலாளியிடம். காவலாளி பின்பக்க கேட்டில். அங்கே ஓடினேன். "சாவி ஆபீஸ் ரூம்ல இருக்கு சார், திறந்து விட்டா அசிங்கம் பண்ணிடறாங்கன்னு பூட்டி வைக்கச் சொல்லிட்டாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு இட்ட உத்தரவு அது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் என் தோளில் ஈரம் பரவியது. அவள் அழுததைச் சொல்லி முடியாது. சூடு பட்டபோது அழுததுபோல் இல்லை, சத்தமே வராமல் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்ட பிள்ளை, 'நான் பெரிய பொண்ணு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். அந்த வெட்கத்தை அவளுக்குக் கொடுத்தது அந்தப் பூட்டு.

அசுத்தம் ஆகிறது என்றால் சுத்தம் செய்ய ஆள் போடுங்கள். மாலை மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஆள், ஒரு வாளி தண்ணீர், ஒரு துடைப்பம். கழிப்பறையைக் கட்டி, டைல்ஸ் பதித்து, திறப்பு விழா நடத்திவிட்டுப் பூட்டி வைப்பதற்குப் பெயர் பராமரிப்பா?

அடுத்த நாள் காலையில் அளவுநாடாவோடு தனியாகப் போனேன். சூட்டையும் பூட்டையும் பார்த்த பிறகு மற்றதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏறி விளையாடும் கம்பிக் கூண்டுக்கு அடியில் சிமெண்டுத் தரை. விளையாட்டுக் கருவிக்குக் கீழே சிமெண்டோ தாரோ இருக்கவே கூடாது என்பது உலகத்தில் இந்தத் துறையில் இருக்கும் எல்லாருக்கும் பாலபாடம். மணல், மரச்சீவல், ரப்பர் என்று விழுந்தால் தாங்குகிற ஏதாவது ஒன்று வேண்டும், அதுவும் போதுமான கனத்துக்கு வேண்டும். மேல்தட்டுக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 14 சென்டிமீட்டர். இது ஏன் முக்கியம் என்றால், சுமார் 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான இடைவெளியில் சின்னக் குழந்தையின் உடம்பு கால்வழியாக நுழைந்து நழுவிவிடும், தலை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும். கழுத்து இறுகி உயிர் போகும் ஆபத்து அது. ஒன்று அதைவிடக் குறுகலாக இருக்க வேண்டும், இல்லை தாராளமாக அகன்றிருக்க வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை; யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். கம்பியைப் பற்றவைக்கும் முன் ஒரே ஒரு தடவை யாராவது படித்திருக்கலாம்.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, வீடு வாசலுக்கே வழியில்லாமல் ஆம்ஸ்டர்டாம் நகரம் தவித்துக்கொண்டிருந்த 1947-ல், ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர் அங்கே ஒரு சின்ன சதுக்கத்தில் விளையாட்டிடம் அமைத்தார். அகலமான விளிம்பு கட்டிய ஒரு மணல் குழி, நாலு உருண்டைக் கற்கள், குட்டிக்கரணம் போடக் கொஞ்சம் கம்பிகள், ஓரத்தில் மரங்கள், பெரியவர்கள் உட்கார ஐந்து பெஞ்சுகள். மொத்தமே அவ்வளவுதான். மக்கள் தங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதிக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த காலி மனைகளிலும் தெரு முனைகளிலும் ஒவ்வொன்றாக வந்து, 1978-க்குள் எழுநூறுக்கும் மேல் ஆகிவிட்டது. நம் பூங்காவின் அந்த வறண்ட நீரூற்றுக்குச் செலவழித்த பணத்தில் இப்படி எத்தனை மணல் குழி தோண்டியிருக்கலாம்! குழந்தைக்கு வேண்டியது மணலும் நிழலும், கூட வந்தவர் உட்கார ஓர் இடமும். நீரூற்று, திறப்பு விழாவில் புகைப்படம் எடுப்பவருக்கு வேண்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவை விட்டு வந்து, மகளுக்கு உடை மாற்றி, சாப்பிடலாம் என்று பக்கத்தில் ஓர் உணவகத்துக்குப் போனோம். அங்கேயும் கண்ணாடிக் கதவில் சிரிக்கும் குடும்பத்தின் படம். குழந்தை நாற்காலி இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று இருந்தது, கொண்டு வந்தார்கள். இடுப்பு வார் அறுந்து தொங்கியது. எட்டு மாதக் குழந்தையை வார் இல்லாமல் அவ்வளவு உயரத்தில் உட்காரவைத்தால் முன்பக்கமாகச் சரிந்து விழும். கடைசியில் அதில் எங்கள் பையை வைத்தோம், குழந்தையை நான் மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிட்டேன். தலைக்கு மேலே ஒலிபெருக்கி. அம்மா பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அம்மாவுக்குக் கேட்கவில்லை. அந்த இரைச்சலில் குழந்தை அழுதபோது மட்டும் பக்கத்து டேபிளிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியை ஒருவரும் முறைக்கவில்லை.

பிறகு டயப்பர். மாற்ற இடம் எங்கே என்று கேட்டேன். "லேடீஸ் டாய்லெட்ல இருக்கு சார்" என்றார் பரிமாறுபவர். நான் அப்பா. அங்கே நான் நுழைய முடியாது. ஆண்கள் பக்கத்தில் ஈரத் தரையும் ஒரு வாஷ்பேசினும்தான். அம்மாவால் குனிய முடியாது. ஆக, வெளியே படிக்கட்டில் துண்டை விரித்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, முழங்காலில் உட்கார்ந்து மாற்றினேன். குழந்தையை அப்பா வெளியே தூக்கிக்கொண்டு போவான் என்ற நினைப்பே கட்டியவர்களுக்கு வரவில்லை. அம்மாவுக்குத்தான் அந்த வேலை என்று சுவர் எழுப்பும்போதே முடிவு செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2016-ல் இதற்கு ஒரு சட்டமே போட்டார்கள்: பொதுமக்கள் வந்து போகும் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் பெண்கள் கழிப்பறையிலும் குழந்தைக்கு உடை மாற்றும் மேசை இருக்க வேண்டும் என்று. சுவரில் மடக்கி வைக்கும் ஒரு பலகைதான் அது. நாலு திருகாணி முடுக்கினால் தீர்ந்தது.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தள்ளுவண்டியோடு போனால் வாசலில் மூன்று படி, உள்ளே போனால் நடைவழியெல்லாம் அட்டைப்பெட்டி. ஆனால் பில் போடும் இடத்தில் செய்வதை மன்னிக்கவே முடியாது. வரிசையில் நகர முடியாமல் நிற்கும்போது, சரியாகக் குழந்தையின் கண் மட்டத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், மிட்டாயும் சாக்லேட்டும் அடுக்கிவைத்திருக்கிறார்கள். குழந்தை கேட்டு அழ வேண்டும், பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்களே என்று பெற்றவர்கள் வாங்கித் தர வேண்டும். அந்த அழுகையை நம்பித்தான் அந்த அடுக்கே நிற்கிறது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பெரிய கடைகளில் இது கூடாது என்று விதி கொண்டுவந்துவிட்டார்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை வாசலிலும் பில் கவுண்டரிலும் வைக்கக்கூடாது. கடைகள் ஒன்றும் மூடிவிடவில்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எதுக்கு வெளியே கிளம்பறீங்க, வீட்லயே இருக்க வேண்டியதுதானே?" அவருக்கு என் பதில் இதுதான். குழந்தையும் இந்த நகரத்தில்தான் வாழ்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. உலகத்தின் கிட்டத்தட்ட எல்லா நாடுகளும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கின்றன. நான் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவின் மேயராக இருந்த என்ரிக்கே பெனாலோசா பல மேடைகளில் சொன்ன கருத்து ஒன்று உண்டு: ஒரு நகரம் குழந்தைகளுக்கு நன்றாக அமைந்துவிட்டால் அது எல்லாருக்குமே நன்றாக அமைந்துவிடும். யோசித்துப் பாருங்கள். தள்ளுவண்டிக்காக வைக்கும் சரிவுப் பாதையில்தான் என் அம்மாவும் ஏறுவார். குழந்தைக்காகத் திறக்கும் கழிப்பறைக்குத்தான் சர்க்கரை நோயாளியும் ஓடுவார்.

நெதர்லாந்தில் வான் லீர் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. நகரத்தைத் திட்டமிடுகிறவர்களை 95 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கச் சொல்கிறார்கள். மூன்று வயசுக் குழந்தையின் சராசரி உயரம் அது. நான் முழங்காலில் உட்கார்ந்து டயப்பர் மாற்றியபோது கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருந்தேன். குப்பைத்தொட்டியின் வாயும், வண்டிகளின் புகைக்குழாயும், எல்லாருடைய செருப்பும் என் முகத்துக்கு நேரே இருந்தன. என் மகள் தினமும் பார்க்கும் ஊர் இதுதான்.

திங்கட்கிழமை பூங்கா அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். கழிப்பறை மாலை நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், சறுக்குமரத்தை மரத்தடிக்கு மாற்ற வேண்டும், கம்பி இடைவெளியைச் சரிசெய்யும் வரை அந்தக் கூண்டை யாரும் ஏறாதபடி அடைத்துவைக்க வேண்டும், இரண்டு பெஞ்சைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் போட வேண்டும். அளவெடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் "பார்க்கறோம் சார்" என்றார். ஒப்புகைச் சீட்டு கேட்டேன், தயங்கினார், வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்தக் கழிப்பறை வாசலில் நிற்பேன். பூட்டு அப்படியே இருந்தால் திங்கட்கிழமை மறுபடியும் அலுவலகத்துக்குப் போவேன், இந்தத் தடவை பூங்காவுக்கு வரும் மற்ற பெற்றோரையும் கூட்டிக்கொண்டு. மகளிடம் "பார்க்குக்குப் போகலாமா" என்று நேற்றுக் கேட்டேன். "அங்க பாத்ரூம் திறந்திருக்குமாப்பா?" என்றாள்.