மாட்டின் எடையும் எங்கள் தோட்டத்துப் படமும்

பலர் சேர்ந்தால் அறிவு பெருகும் என்பதற்கு உங்கள் கட்டுரையில் 1906இல் இங்கிலாந்தின் பிளைமவுத் கண்காட்சியில் நடந்த மாட்டு எடை ஊகப் போட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். சரி, மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு தேறும் என்று ஊகித்து எழுதிய 787 சீட்டுகளின் நடுமதிப்பு (வரிசையாக அடுக்கினால் சரிநடுவில் வருவது) 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிப் போட்டார்கள். அதை விட்டுவிட்டீர்களே!

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது பால்மரமும் (ரப்பர்) இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, எல்லாம் செம்பனை. எங்கள் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் பழைய திருவிழாப் படம் போட்டு எந்த வருஷம் என்று கேட்டார். அந்தக் காலத்தில் எங்களை வேலை வாங்கிய தண்டலின் (மேற்பார்வையாளர்) மகன் "1974" என்றதும் வரிசையாக "ஆமாம், ஆமாம்". தண்டல் வீட்டுச் சொல்லுக்கு அப்போதும் மறுப்பில்லை, இப்போதும் இல்லை!

அப்புறம் பக்கத்து லயத்து அக்கா எனக்கு மட்டும் அனுப்பினார்: "தம்பி, படத்தில டியூப் லைட் எரியுது பாரு. நம்ம லயத்துக்குக் கரண்டு வந்ததே என் மூத்தவன் பிறந்த பிறகுதான். அவன் 1979." பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன். 1974 என்றவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் 1980க்கு முன்னே பின்னே.

"குழுவிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"தண்டல் மகன் முன்னாடியா?"